மேசைக்கு அடியில் மாமா

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதுவது. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் விடுமுறைக்கு அனுப்பிவைத்த தங்கள் மகள், சாரணியர் படையில் சேர்ந்து வாய்மை, பிறருக்கு உதவி, நாளுக்கொரு நற்செயல் என்று உறுதிமொழி எடுத்திருக்கிறாள் என்பதை முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தையல்கடை வைத்துப் பிழைப்பவன் என்பது தாங்கள் அறியாததா?

வந்த மறுநாளே கழுத்தில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு கடையில் வந்து உட்கார்ந்தாள். வங்கி மேனேஜர் தன் பேண்ட்டைக் கேட்டு வந்தார். "பட்டன் மட்டும்தான் சார் பாக்கி, சாயங்காலம் வாங்க" என்று காலங்காலமாகச் சொல்வதைச் சொன்னேன். "பட்டன் வைக்கப் பேண்ட் வேணுமே மாமா? துணி இன்னும் பையிலயே இருக்கு" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், நான் பையைப் பார்த்தேன், பை யாரையும் பார்க்கவில்லை. அவர் போனதும் பல் டாக்டரம்மா, கோட்டு இறுக்குகிறது என்று வந்தார். துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். "சுருங்கல ஆன்ட்டி, மாமா வேற ஒருத்தர் அளவுச் சீட்டைப் பார்த்து வெட்டிட்டாரு. நேத்து ராத்திரி அத்தைகிட்ட அவரே சொன்னாரு."

"உன்னை யாரு கேட்டா?" என்றேன்.

"கேக்காமலே உதவணும் மாமா. அதுதான் நற்செயல்."

சரி, வாயைக் கட்ட முடியாது, கைக்காவது வேலை கொடுப்போம் என்று கடையைப் பெருக்கச் சொன்னேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அங்கேதான் அக்கா. மேசைக்கு அடியில், வெட்டியதில் மிஞ்சிய துணியெல்லாம் ஒரு மூட்டையாகக் கிடந்தது. எந்தத் தையல்காரன் மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான்? இவள் துணி மாதிரி குத்திவைத்த அளவுச் சீட்டுகளைப் பார்த்து, ஒவ்வொன்றையும் சாரணர் முடிச்சுப் போட்டுக் கட்டி, நான் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். "மாமா மறந்துட்டாரா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இல்ல, தலகாணி உறை தைக்க வச்சிருந்தாரு" என்றாளாம்.

சாயங்காலம் போலீஸ் இன்ஸ்பெக்டர் கையில் காக்கித் துண்டோடு வந்தார், பின்னால் பாதித் தெரு. நான் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டேன். மூட்டை போய்விட்டதால் இடம் தாராளமாக இருந்தது.

"மாமா இருக்காரா பாப்பா?"

"இருக்காரு சார். மேசைக்கு அடியில."

ஊசி தேடுகிறவனைப் போல வெளியே வந்தேன். "ஊசி உங்க கையிலதான் இருக்கு மாமா" என்றாள், உதவியாக.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கடைக்குப் பூட்டு விழப்போகிறது என்று முடிவு கட்டினேன். அவரோ அவளிடம் குனிந்து, "என் யூனிஃபார்ம் எப்ப ரெடியாகும்?" என்றார். அவள் துணிக் குவியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாமா மத்தியானம் தூங்கினா அடுத்த மாசம் சார். தூங்கலைன்னா இருபதாம் தேதி."

"தையல்கடையில ஒரு நிஜமான தேதியை இன்னைக்குத்தான் காதால கேக்குறேன்" என்றவர், ஸ்டேஷன் முழுவதற்கும் துணி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பின்னால் வந்த தெருவும் வரிசையில் நின்றது, அவளிடம் தேதி கேட்க.

கடை பிழைத்தது, நான் பிழைக்கவில்லை. மத்தியானத் தூக்கம் போயிற்று. போதாக்குறைக்கு, அவள் அத்தையின் சமையலைப் பற்றி நான் கடையில் சொன்னதை, அத்தை கேட்டதும் அப்படியே ஒப்பித்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு வருகிறது, பேச்சு வரவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியிலேயே வந்து தங்கள் மகளை அழைத்துச் செல்லவும். அத்தானுக்கு என் வணக்கம், தங்கள் பொறுமைக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
உண்மையால் அடிபட்ட தம்பி

பின்குறிப்பு: வர வேண்டாம். தெருமுனைத் தையல்காரர் இப்போதுதான் வந்து, "உங்க மருமகளை ஒரு வாரம் எங்க கடைக்கு அனுப்புங்களேன்" என்று கேட்டார். விரட்டிவிட்டேன். பள்ளிக்கூடம் திறந்தாலும் இவள் இங்கேயே கொஞ்ச நாள் இருக்கட்டும். காய்ச்சல் என்று ஒரு லீவு லெட்டர் கொடுத்துவிடுங்கள். எட்டிப் பார்த்துவிட்டாள். "காய்ச்சலை அடிச்சிடுங்க மாமா. நான் உங்களுக்கு வேணும்னு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன் அக்கா.