ஆறும் மூன்றும் இரண்டு

அட்சரகணிதப் புத்தகத்தில் வரும் கிணறுகளுக்குக் குணம் கிடையாது. வற்றச் சொன்னால் வற்றும், விடை தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். வேலணைத் தீவின் கிணறுகள் அப்படியல்ல என்பதை, வவுனியாவிலிருந்து கலியாணமாகி வந்த கணித ஆசிரியையான எனக்கு யாரும் சொல்லவில்லை. (நானும் கேட்கவில்லை. கணக்குத் தெரிந்தவள் எதற்குக் கேட்க வேண்டும்?)

அன்று கணவரின் தங்கை சுகந்தியைப் பொம்பிளை பார்க்கக் காரைநகரிலிருந்து பத்து மணிக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. காலையில் பார்த்தால் கிணற்றுக்குள் காகமொன்று செத்து மிதக்கிறது. முழுத் தண்ணீரையும் இறைத்தாக வேண்டும். மணி ஏழு.

"எங்கட மிசின் இறைச்சு முடிக்க ஆறு மணித்தியாலம் பிடிக்கும். பக்கத்து வீட்டு மிசின் எண்டா மூண்டு. ஏலாதப்பா," என்றார் கணவர், கதிரையை விட்டு எழும்பாமல்.

"ரெண்டையும் ஒண்டாப் போட்டா?"

அவர் யோசிப்பதற்குள் நான் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு மணித்தியாலத்தில் எங்கள் மிசின் கிணற்றின் ஆறில் ஒரு பங்கை இறைக்கும், அவர்களுடையது மூன்றில் ஒரு பங்கை. சேர்ந்து முடிக்க x மணித்தியாலம் என்றால் 1/6 + 1/3 = 1/x. எல்லாவற்றையும் 6x ஆல் பெருக்கினால் x + 2x = 6. ஆகவே x = 2.

"ஒம்பது மணிக்கு முடியும்," என்றேன், வகுப்பில் சொல்வதுபோல இரண்டு தரம்.

ஒன்பதுக்கே முடிந்தது. அந்தப் பெருமையோடு, புதிதாக ஊறி வந்த தண்ணீரை அள்ளித் தேத்தண்ணி வைத்தேன்.

மாப்பிள்ளையின் தாய் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "பிள்ளை, சீனியையும் உப்பையும் பக்கத்தில பக்கத்திலயோ வைக்கிறனீர்?"

குசினிக்குள் ஓடிக் குடத்துத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். கடல்.

கணவர் பின்னால் வந்து நின்றார். "தீவுக் கிணத்தை அவசரப்பட்டு இறைச்சா அடியில இருக்கிற உப்புத்தண்ணி ஏறிடும். ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் இறைக்கோணும்."

"இதைக் காலமை சொல்லியிருக்கலாமே."

"நீர் கணக்கு ரீச்சர். எல்லாத்தையும் சேர்த்துத்தான் போட்டிருப்பீர் எண்டு நினைச்சனான்."

(என் கையில் அகப்பை இருந்தது. வீட்டில் விருந்தாளிகள் இருந்ததால் மனிதர் தப்பினார்.)

மாப்பிள்ளை மட்டும் முகம் சுளிக்காமல் முழுக் கோப்பையையும் குடித்திருந்தார். அதற்காகவே சுகந்தி ஓம் என்றாள். கிணற்றில் ஏறிய உப்பு இறங்க மாரிமழை வரை எடுத்தது. அதுவரை பக்கத்து வீட்டு முற்றத்தில் குடத்தோடு நின்றவள் நான்தான்.

இன்றைக்கும் சமையலுக்கு ஒரு கை தாருங்கோ என்று கூப்பிட்டால், கணவர் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொல்வார்: "வேண்டாமப்பா. ரெண்டு பேர் சேர்ந்து செய்தா உப்பாப் போயிடும்."