சந்தியாகப்பரின் குதிரையும் என் குழல்மீனும்

போஹோல் தீவு,
ஜூலை 27

அன்புள்ள இலாரியோவுக்கு,

நான் நலம். கடலும் கப்பல் சமையல்காரரும் உன்னிடம் இரக்கமாக இருக்கிறார்கள் என்று நம்புகிறேன். உன் கப்பலில் சேரப்போகும் மெக்கானிக் நெஸ்டோரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கருவாடும் அவனிடம்தான் இருக்கிறது. வழியில் அவன் தின்றது போக மீதி உனக்கு. கப்பல் வேலையைத் தொடர இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு. இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. திருவிழாவைச் சொன்னாலே உனக்குப் புரியும்.

குதிரையேறிய புனிதர் சந்தியாகப்பரின் படகு ஊர்வலத்தில் கடல்குதிரை எப்படித் தோன்றியது என்று நம் தெருப் படகு காட்ட வேண்டும் என்றார் ஊர்த்தலைவர் பொனிங். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள் என்பதால் என்னைக் கேட்டார். பதிலையும் அவரே வைத்திருந்தார். "சந்தியாகப்பர் குதிரை ஒரு நாள் கடல்ல குளிச்சுது டீச்சர். மிச்சத்த நீங்க சொல்லுங்க." குதிரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இதன் மூதாதை குச்சி மாதிரிப் படுத்து நீந்திய குழல்மீன் வகை, ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்துக் கடல் ஆழம் குறைந்து கடற்புல் பரவியபோது நிமிர்ந்து நின்றவை புல்லுக்குள் ஒளிந்து பிழைத்தன, வால்துடுப்பு போய் வாலே பிடிமானமாகிவிட்டது, இப்படித்தான் கருதுகிறோம் என்றேன். "அதுவரைக்கும் படுத்தே கெடந்துச்சா அண்ணி? நம்ம அண்ணன் லீவுல வந்த மாதிரியா?" என்றான் உன் தம்பி தாசியோ. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மூங்கிலும் காகிதமும் வைத்துப் படகு நீளத்துக்குக் குழல்மீன் செய்து பச்சை வண்ணம் அடித்தோம். ஊர்வலத்தில் அது படகுக்குள் படுத்திருந்ததால் கரையில் யாருக்கும் தெரியவில்லை. பொனிங் ஒலிபெருக்கியில், "டேய் தாசியோ, டீச்சரோட புடலங்காயத் தூக்கி நிறுத்துடா!" என்று கத்தினார். "நிறுத்துனா படகு கவுந்துரும் அண்ணி," என்றபடியே தாசியோ நிறுத்தினான். சாயாமலிருக்க வால் முனையை வளைத்துப் படகின் பக்கவாட்டு மூங்கிலில் சுற்றிக் கட்டினோம், அதற்குள் ஊர்வலம் போன கால்வாய்க்குக் குறுக்கே கட்டியிருந்த தோரணத்தில் மூக்கு மாட்டிக் கழுத்து ஒடிந்து தலை முன்பக்கமாகத் தொங்கியது, நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன், கரையில் "கடல்குதிரை! கடல்குதிரை!" என்று ஒரே கைதட்டல். "ரெண்டரைக் கோடி வருசம்னீங்களே டீச்சர், நம்ம பயலுக அஞ்சு நிமிசத்துல முடிச்சிட்டாங்க!" என்றார் பொனிங். பின்னாலேயே குதிரைமேல் சந்தியாகப்பர் சொரூபம் வந்த படகைக் காட்டி, "பாருங்க, இதோட அப்பன் குதிரை தொணைக்கு வருது!" என்றார். ஒளிவதற்காக நிமிர்ந்ததை நாம் காட்டுவதற்காக நிமிர்த்திவிட்டோம், அறிவியல்படி இது தவறு என்று சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை.

விருந்துக்கு வழக்கம்போல் முன்பின் தெரியாதவர்களும் வந்தார்கள். ஒருவர் உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழட்டும் என்று பன்றி வறுவலை வாசல் மேசையில் வைத்தேன். போய் எடுத்துக்கொண்டு திரும்ப அதிலேயே வந்து உட்கார்ந்தார்.

மாலையில் கடல் வற்றியபோது புல்லுக்குள் ஒரு கடல்குதிரையைப் பார்த்தேன். அதற்கு நன்றாக நீந்த வராது. அறுந்த பாசியைப் பற்றிக்கொண்டு பெருங்கடல் தாண்டியவையும் உண்டு, புல்லை விடாமல் இங்கேயே இருந்தவையும் உண்டு. எது புத்திசாலி என்று மாணவர்கள் கேட்பார்கள். அப்படிக் கேட்கக் கூடாது என்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நான் நம்பாவிட்டாலும் சந்தியாகப்பர் உன்னைக் காப்பார் என்று பொனிங் உறுதியளிக்கிறார்.

இப்படிக்கு,
நார்சிசா

பி.கு.: நெஸ்டோர் வாசலில் நிற்கிறான், திருத்தி எழுத நேரமில்லை. கையெழுத்துப் போடாதே. காகிதக் கடல்குதிரையைக் கொண்டுவந்து நம் கூடத்தில் நிறுத்திவிட்டார்கள். கழுத்து இன்னும் ஆடுகிறது. ஒருவர் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருவர் கட்ட முடியும்.