முடிவெடுக்காத வீடு

செய்தித்தாளை எடுப்பதற்காகக் கதவைத் திறந்த ஆர்வில் ஸ்கௌ, தம் வீட்டு முன்புல்வெளியில் பச்சை நிறப் பலகையொன்று நிற்பதைக் கண்டு, காலில் ஒரு செருப்பும் கையில் ஒரு செருப்புமாக உறைந்துபோனார். கணுக்கால் புதையக் குவிந்து கிடந்த மேப்பிள் சருகுகளுக்கு நடுவே, "கிரேட்டா லிண்டாலை வாஷிங்டனுக்கு அனுப்புவோம்!" என்று அது கூவிக்கொண்டிருந்தது.

மற்றவர் வீடாயின் இது செய்தியே அன்று. ஆர்விலோ அந்த விஸ்கான்சின் சிற்றூரின் ஒரே முடிதிருத்துநர். ஊரிலுள்ள தலைகளில் பாதி லிண்டால் அம்மையாருக்கும், மறுபாதி அவரை எதிர்த்துத் தேர்தலில் நிற்கும் பிராட் காஸ்மாவுக்கும் உரியவை. பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை எந்தக் கட்சிக்கு என்பது இந்தத் தொகுதியில்தான் முடிவாகும் என்று தொலைக்காட்சி ஓயாமல் முழங்கி, இரு பாதிகளையும் சேவற்சண்டைக்கு ஆயத்தமாக்கியிருந்தது. தம் வாக்கு யாருக்கு என்பதை ஆர்வில் இதுகாறும் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அதனாலேயே இரு பாதிகளும் அச்சமின்றி அவர் கத்திக்குக் கழுத்தை நீட்டின.

"மார்லிஸ்! இதை யாரு நட்டது?"

"எதை?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"பலகையை!"

"அந்தச் சருகுக்குள்ள பலகை தெரியுதா? அதிசயந்தான். எப்ப வாரப்போற? கூரையோரத் தண்ணிக் குழாயும் சருகு அடைச்சுக் கிடக்கு."

"தேர்தல் முடியட்டும்."

"போன வருஷம் மான் வேட்டை முடியட்டும்னே. அதுக்கு முந்தின வருஷம் முதுகுவலி முடியட்டும்னே."

ஆர்விலின் காதில் எதுவும் விழவில்லை. பலகையைப் பிடுங்கினால் லிண்டாலின் எதிரி. விட்டுவைத்தால் காஸ்மாவின் எதிரி. எப்படிப் பார்த்தாலும் பாதித் தலைகள் போய்விடும். நெடுநேரம் சிந்தித்தபின், காஸ்மாவின் தேர்தல் அலுவலகத்திலிருந்து மஞ்சள் பலகையொன்றைக் கேட்டு வாங்கிவந்து, பச்சைக்கு அருகில் நட்டார். தராசு நேராயிற்று என்று கைகளைத் தட்டிக்கொண்டார்.

பிற்பகலில் கடைக்கு வந்த பால்பண்ணைக்காரர் டுவேன் நாற்காலியில் அமர மறுத்தார்.

"யோவ் ஆர்வில், ரெண்டு பக்கமும் கொடி புடிக்கிறவன் கையில கத்தியக் குடுத்துட்டு நான் கண்ண மூடிக்கிட்டு உக்காரணுமா?"

"நான் எந்தப் பக்கமும் இல்லய்யா! இன்னும் முடிவே பண்ணல!"

இதைமட்டும் அவர் சொல்லியிருக்கலாகாது. அந்தப் பருவத்தில் அத்தொகுதியில் முடிவெடுக்காத வாக்காளர் என்பவர், பாலைவனத்துத் தண்ணீர்ப் பந்தல் போன்றவர்.

மறுநாள் விடிந்ததும் பச்சைத் தொப்பியணிந்த தொண்டர்கள் வாசலில் நின்றனர்.

"சார், உங்க மனசை உறுத்துற பிரச்சினை எது? வரியா, வைத்தியச் செலவா?"

"தூக்கம்" என்றார் ஆர்வில்.

"பாவம், நடந்து வந்திருக்காங்க. காப்பி குடிச்சிட்டுப் போகட்டும். சருகு வாரி கொட்டகையில இருக்கு" என்றார் மார்லிஸ், இரண்டையும் ஒரே மூச்சில்.

தொண்டர்கள் பாதிப் புல்வெளியை வாரி முடிப்பதற்குள் மஞ்சள் தொப்பிகள் வந்து இறங்கின.

"பாதி வாசலை அவங்க புடிச்சிட்டாங்களா? மீதி எங்களுது!" என்று அவர்கள் பாய்ந்தனர். சருகு வாரி ஒன்றே இருந்தமையால் சிலர் கைகளாலேயே அள்ளினர்.

அதன்பின் தொலைக்காட்சி வண்டி வந்தது. லிண்டால் அம்மையார் தம் கையால் சுட்ட ஆப்பிள் பணியாரத்தோடு வந்தார். காஸ்மா தொத்திறைச்சியோடு வந்து, யாரும் கேட்காமலே விறகைப் பிளந்து அடுக்கினார். "நாட்டின் திசையை இந்த வீடு தீர்மானிக்கும்" என்று செய்தியாளர் அறிவித்தபோது, ஆர்வில் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டிருந்தார்.

நாட்டின் திசை எப்படியாயினும், கடையின் திசை தெளிவாயிற்று. இரு பாதிகளும் அவர்மீது ஐயுற்று, பக்கத்து ஊருக்கு முடிவெட்டப் போயின. போக மனமில்லாத பாதிரியார், கழுத்துப்பட்டையை மறைக்கும் முடியோடு பிரசங்கம் செய்தார். ஆர்வில் வெறும் நாற்காலியைத் துடைத்த துடைப்பில் அதன் தோலே தேய்ந்துவிடும் போலாயிற்று.

டுவேனுக்கே இரக்கம் பிறந்தது. "யோவ், தேர்தல் நாளுக்கு முன்னாடியே ஓட்டுப் போட இங்க வழி இருக்குல்ல, போயி போட்டுத் தொலையேன். போட்டவன் பேரை ரெண்டு கட்சியும் அன்னிக்கே பட்டியல்லேருந்து அடிச்சிடும். அப்புறம் உன்னை நாய்கூட மோந்து பாக்காது."

ஆர்வில் ஓடினார், வாக்களித்தார், "நான் வாக்களித்துவிட்டேன்" என்ற வில்லையை நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டு திரும்பினார். இரு பலகைகளையும் ஒரே இழுவையில் பிடுங்கிக் குப்பையில் எறிந்தார்.

டுவேன் கடைக்கு வந்து கேட்டார்: "யாருக்குய்யா போட்டே?"

"முடிய வெட்டணுமா, காத வெட்டணுமா?"

டுவேன் வெடித்துச் சிரித்து நாற்காலியில் சாய்ந்தார். பழைய ஆர்வில் திரும்பிவிட்டார் என்ற செய்தி பரவ, மாலைக்குள் பச்சைத் தலைகளும் மஞ்சள் தலைகளும் சுவரோரம் முறைவைத்துக் காத்திருந்தன. பாதிரியாருக்கு மீண்டும் கழுத்து தெரிந்தது.

அடுத்த நாள் காலை, கூரையின்மீது தடதடவென்று ஓசை கேட்டு ஆர்வில் வெளியே ஓடிவந்தார். வீட்டின் ஒருபுறச் சுவரில் பச்சைத் தொப்பியின் ஏணியும், மறுபுறத்தில் மஞ்சள் தொப்பியின் ஏணியும் சாய்ந்திருந்தன.

"நான்தான் ஓட்டுப் போட்டாச்சே! இன்னும் என்கிட்ட என்னய்யா வேலை?" என்று அவர் அலறினார்.

பச்சைத் தொப்பிக்காரர் ஒரு பிடி அழுகிய சருகைக் கீழே போட்டுவிட்டு, மரியாதையாகக் குனிந்து சொன்னார்:

"உங்ககிட்ட ஒண்ணுமில்ல சார், மொத பலகைய எங்ககிட்ட கேட்டு வாங்கி நட்ட உங்க வீட்டம்மாதான், தண்ணிக் குழாய் சுத்தமாகுற வரைக்கும் எந்த முடிவுக்கும் வரமுடியாதுங்கறாங்க."