சமுத்திரத்து வஞ்சிரம்

மாட்டுப் பொங்கலன்று காலை மெட்ராஸ் பஸ்ஸில் குடும்பத்தோடு வந்து இறங்கிய சகலை சக்கரபாணியின் தோளில் தூண்டில் ஒன்று இருப்பதைப் பார்த்ததும், ஆதிமூலத்துக்குக் குடித்த காபி பாதித் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஏதோ மூங்கில் குச்சியில் நூல் கட்டிய தூண்டில் என்று நினைக்க வேண்டாம். பித்தளைச் சக்கரம், பளபளக்கும் கைப்பிடி என்று அது மாப்பிள்ளை மிடுக்கில் இருந்தது.

"அண்ணே, உங்களுக்குன்னே வாங்கினேன். உங்க ஏரியில நீங்க மீன் புடிக்கறதை இந்தப் பொங்கலுக்குக் கண்ணால பார்த்துட்டுத்தான் போறது!"

வினை போன ஆவணியில் ஆரம்பித்தது. மெட்ராஸில் ஒரு கல்யாணப் பந்தியில், தான் குடியிருக்கும் ராயபுரத்துக் கடல் மீனைப் பற்றிச் சக்கரபாணி பேசிக்கொண்டே போனார். மாமனார் வீட்டு ஜனம் முழுக்க வாயைப் பிளந்து கேட்டது. பெரிய மாப்பிள்ளையான ஆதிமூலத்தை அந்த வீட்டில் 'சாது' என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும். பொறுக்க முடியாமல், "எங்க ஊர் சமுத்திரம் ஏரியில நான் தூண்டில் போட்டா, கை நீளத்துக்குக் கம்மியா எதுவும் வராது" என்று சொல்லி வைத்தார்.

உண்மையில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான அவர் அந்த ஏரிக்கரையில் இதுவரை பிடித்தது ஜலதோஷம் ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு மாமனார் முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து பேசினார். அந்த மரியாதையை விட்டுக்கொடுக்க ஆதிமூலத்துக்கு மனசு வரவில்லை.

"ஏரியில தண்ணி ரொம்பக் கம்மி, சகலை."

"ரொம்பி வழியுதுன்னு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில சொன்னாங்களே!"

"அதான் சொல்ல வந்தேன். தண்ணி ஜாஸ்தியா இருந்தா மீன் சிக்காது."

"உங்க கைக்குச் சிக்காததா? சாயந்திரமே போயிடலாம்."

சக்கரபாணி கிணற்றடிக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து, வெற்றிலை வாங்கி வருவதாக மனைவி சரோஜாவிடம் சொல்லிவிட்டு ஆதிமூலம் சைக்கிளை மிதித்தார். ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரின் காவல்காரன் காசி, மதகின் மேல் உட்கார்ந்து பீடி வலித்துக்கொண்டிருந்தான்.

"காசி, மானம் போவுதுடா!"

"யாரு மானம் சார்?"

"என் மானம்டா! எனக்கு ஒரு பெரிய மீன் வேணும்."

"ஏரியில மீனுக்கு எங்க போறது? இப்பதான் குஞ்சு வுட்டிருக்கோம். விரல் நீளம்கூட இல்ல."

"அப்போ சந்தையில வாங்கு. சாயந்திரம் மதகுப் பக்கத்துல கோரைக்குள்ள மறைஞ்சு உட்காரு. நான் தூண்டில் போட்டதும் முள்ளுல மீனை மாட்டி ரெண்டு தரம் இழு. உனக்குப் புது வேட்டி எடுத்துத் தரேன்."

"தண்ணி குளுருமே சார்."

"துண்டும் சேர்த்து."

காசி பீடியை அணைத்தான்.

சாயந்திரம் இரண்டு குடும்பமும் கரையில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தது. எதிரே மலை தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது. சரோஜாவும் அவள் தங்கை வேதாவும் முறுக்கைக் கொறித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். ஆதிமூலம் சாமியை வேண்டிக்கொண்டு தூண்டிலை வீசினார். அது அவருடைய சட்டைக் காலரிலேயே போய் மாட்டியது.

"இது இந்த ஊர்ப் பழக்கமா அண்ணே?" என்று சக்கரபாணி பணிவாகக் கேட்டார்.

இரண்டாவது தடவை முள் கோரைப் பக்கம் விழுந்தது. சற்று நேரத்தில் நூல் இரண்டு தரம் ஆடியது. ஆதிமூலம் இழுத்தார், திணறினார், பல்லைக் கடித்தார். கடைசியில் கை நீளத்துக்கு ஒரு மீன் பளபளவென்று கரையேறியது. வேதா கை தட்டினாள். ஆதிமூலம் மீசையைத் தடவிக்கொண்டார்.

சக்கரபாணி குனிந்து மீனைப் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது வஞ்சிரமாச்சே!"

"இருந்துட்டுப் போகட்டுமே."

"வஞ்சிரம் கடல் மீனாச்சே!"

ஆதிமூலத்துக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது. ஆனால் மாட்டிக்கொண்ட மனிதனுக்கு எங்கிருந்தோ ஒரு மூளை வரும். அது அவருக்கும் வந்தது.

"சகலை, இதுக்குச் சமுத்திரம்னு பேர் வெச்சாங்களே, சும்மாவா வெச்சாங்க?"

சக்கரபாணி ஏரியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், ஆதிமூலத்தைப் பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். "இது தெரியாம இத்தனை காலம் ராயபுரத்துல வாடகை குடுத்துட்டிருக்கேனே!"

வீட்டுக்குப் போனபோது குழம்புக்கு மசாலா தயாராக இருந்தது. ஏரிக்குக் கிளம்பும் முன்பே சரோஜா அரைத்து வைத்துவிட்டாளாம். மனைவிக்குத் தன் மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று ஆதிமூலம் நெகிழ்ந்து போனார்.

அந்த நெகிழ்ச்சி மறுநாள் காலை வரைதான் தாங்கியது.

"மாமா, இன்னிக்கும் கடல் மீன் புடிக்கறீங்களாமே? எதிர் வீட்டுல கேக்கறாங்க" என்றாள் வேதா.

"யார் சொன்னது?"

"இவர்தான். வெத்தலை போடப் போன எடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்காரு. ஊருக்குப் போனதும் அப்பாகிட்டயும் சொல்லணும்னு ஒரே குதி!"

ஆதிமூலம் மறுபடி சைக்கிளை மிதித்தார். காசி கம்பளிக்குள் தும்மிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, ஏரியில வஞ்சிரத்தையா மாட்டுவ?"

காசி தலையைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தான். "கெடைச்சதை மாட்டினேன் சார்."

"இன்னிக்குக் கடல்லேருந்து புடிச்ச மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. புரியுதா?"

"அந்த மாதிரி இருக்காது சார்."

அன்றைக்குக் காணும் பொங்கல். எப்போதும் வரும் கூட்டத்தோடு, கடல் மீன் பார்க்க வந்த கூட்டமும் சேர்ந்துகொண்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பலூன்காரர் வந்திருந்தார். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சம்மணம் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க் அப்பாதுரைகூடக் குடும்பத்தோடு ஆஜர்.

ஆதிமூலம் தூண்டிலை வீசினார். நூல் இரண்டு தரம் ஆடியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இழுத்தார்.

முள்ளின் நுனியில், இடுப்பு பெல்ட் மாதிரி நீளமாக, விறைப்பாக, ஒரு வாளைக் கருவாடு தொங்கியது.

வெள்ளைக்காரர் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, ஏரியில உப்பு கொஞ்சம் ஜாஸ்தி போலிருக்கே" என்றார் சக்கரபாணி.

அவ்வளவுதான். கூட்டம் சிரித்த சிரிப்பில் கோரைக்குள் இருந்த கொக்கெல்லாம் பறந்தது. அப்பாதுரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்டாட்டியின் தோளில் சாய்ந்தார். ஆதிமூலம் தூண்டிலைக் கீழே போட்டார்.

"சகலை, எனக்கு மீன் புடிக்கவே தெரியாது. அன்னிக்குக் கல்யாணத்துல சொன்னது பொய். உங்களை மட்டும் எல்லாரும் மெச்சறாங்களேன்னு பொறாமையில உளறிட்டேன். நேத்து வந்த மீனும் ஆள் வெச்சு மாட்டினதுதான். மாமாகிட்டச் சொல்லிடுங்க, பரவாயில்ல."

சொல்லும்போதே குரல் உடைந்தது. சக்கரபாணி அவரை அப்படியே கட்டிக்கொண்டார்.

"என்னண்ணே இது, சின்னப் புள்ளையாட்டம்! நமக்குள்ள என்ன? மாமாகிட்ட நான் மூச்சு விடமாட்டேன். உங்களைப் போய் நான் கேலி பண்ணுவனா?"

ஆதிமூலத்துக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எவ்வளவு நல்ல மனுஷன்! இவரைப் போயா ஏமாற்றினோம்! இனி ஜன்மத்துக்கும் இந்தச் சகலையை ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை என்று அங்கேயே சபதம் செய்துகொண்டார்.

கூட்டம் கலைந்தது. மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, அவர் மதகுப் பக்கம் போனார். காசி நடுங்கிக்கொண்டே வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"பாவி! சந்தையில உனக்குக் கருவாடுதானா கெடைச்சுது?"

"பொங்கலுக்கு ஏது சார் சந்தை? அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் நேத்து உங்க வூட்டாண்ட வந்தேன். கிணத்தடியில இருந்த மெட்ராஸ் சார் என்னான்னு கேட்டாரு, சொன்னேன். ஊர்லேருந்து ஐஸ் போட்டுக் கொண்டாந்த வஞ்சிரத்தை எடுத்துக் குடுத்தாரு. அதான் எல்லாம் வெளிய வந்துடுச்சே, இனிமே சொன்னா என்ன? இன்னிக்குக் கருவாட்டை நீட்டினப்ப நான் எவ்வளவோ சொன்னேன் சார், 'வேணாங்க, எங்க சாருக்குச் சந்தேகம் வந்துடும்'னு. 'அவருக்கு வராது, நீ தைரியமா மாட்டு'ன்னுட்டாரு."