வரதன் சரி பண்ணின படம்

நான் ரெண்டு மாசம் உட்கார்ந்து ஒட்டின படத்தை வரதன் ஒரே நாளில் சரி பண்ணிவிட்டான். நடந்த கோளாறு அவ்வளவுதான்.

படத்தில் சரி பண்ண ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயசு. காஞ்சிபுரத்தில் டிராயிங் மாஸ்டர். பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் கிடைக்கும். உலகத்துப் பெரிய ஓவியங்களையெல்லாம் வழுவழு தாளில் கலரில் அச்சடித்திருப்பான். அதை வாங்கி வந்து வெட்டுவேன். இவர் தலையை அவர் உடம்பில் ஒட்டுவேன். புதுப் படம் ஆகும்.

"ஏன் சார், உங்களுக்கு வரையத் தெரியாதா?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

தெரியும். இஷ்டமில்லை.

மெட்ராஸில் வருஷா வருஷம் ஒரு ஓவியக் கண்காட்சி நடக்கும். ரெண்டு வருஷமாக அனுப்பினேன். ரெண்டு வருஷமும் திரும்பி வந்தது. முதல் வருஷம் 'படத்துக்கு மையம் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வருஷம் ஒன்றும் எழுதவில்லை. அது இன்னும் மோசம்.

எங்கள் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார்.

"மூணாவது வாட்டியும் திரும்பி வந்தா அந்த பீரோவைக் காலி பண்ணிடுங்க. புட்பால் வெக்க எடமில்ல."

டிராயிங் ரூம் பீரோ. ஆறு வருஷமாகச் சேர்த்த அச்சுப் படம் பூராவும் அதில்தான் இருந்தது. வீட்டில் வைக்க முடியாது. என் அறையில் நான் படுத்தால் சுவர் இடிக்கும்.

ஆக, இந்தத் தடவை படம் மாட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் பீரோவில் புட்பால்.

மூணாவது படத்தில் நாலு பேர். கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அம்மாள். ஜாடியில் இருந்து பால் ஊற்றுகிற வேலைக்காரப் பெண். சிப்பி மேல் துணியில்லாமல் நிற்கிற பெண். காதில் கட்டுப் போட்டுக்கொண்டு பைப் குடிக்கிற ஆள். நாலு பேருக்கும் தலையை மாற்றினேன். கீழே ஒரு ஜாடி சூரியகாந்திப் பூவைத் தலைகீழாக வைத்தேன்.

எந்தத் தலை எந்த உடம்பில் என்று கேட்காதீர்கள். பிறகு வரும்.

ஒட்டியது பாவுக் கஞ்சியில். எங்கள் தெருவில் விடிகாலையில் தறிக்குப் போகிற பட்டு நூலைப் பாவாக நீளமாக இழுத்துக் கட்டி, நூல் விறைப்பாக நிற்கக் கஞ்சி போடுவார்கள். மிச்சத்தை ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொள்வேன். நூலை நிறுத்துகிற கஞ்சி காகிதத்தை நிறுத்தாதா? நிறுத்தியது. ஈரத் துணி பட்டால் விட்டுவிடும் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

கண்ணாடி போட வேண்டும். சன்னதித் தெருப் பக்கம் வரதன் படக்கடை. வியாழக்கிழமை சாயங்காலம் கொண்டுபோனேன். போகிற வழியில் ஏதாவது உரிந்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்று, வெட்டின மிச்சத் துண்டுகளை ஒரு கவரில் போட்டு அட்டைக்குப் பின்னால் கட்டியிருந்தேன்.

அந்தக் கவர்தான் என்னைக் கவிழ்த்தது.

"கண்ணாடி போடு. சட்டம் போடு. சனிக்கிழமை விடியக்காலம் வேணும்" என்றேன்.

"வேற ஏதாவது சொல்லணுமா சார்?"

"இல்ல."

வந்துவிட்டேன். எனக்கு அதிகம் பேசப் பிடிக்காது. அதன் பலனைக் கேளுங்கள்.

வரதன் கடையில் முக்கால்வாசி வேலை கிழிந்த சாமி படம்தான். கிழிந்த சாமியை வீட்டில் வைக்கக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. எல்லாரும் அவனிடம் கொண்டுவருவார்கள். பூச்சி அரித்த முருகனை, அரித்த இடம் தெரியாமல் ஒட்டித் தருவான். ஊரில் அதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனேன். ஏழரைக்கு மெட்ராஸ் பஸ். பன்னிரண்டு மணிக்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். பிந்தினால் வாங்க மாட்டார்கள்.

வரதன் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"வா சார்! எந்தப் பாவி சார் கிழிச்சான்? தலை ஒரு பக்கம், ஒடம்பு ஒரு பக்கம். நேத்து பூரா இதே வேலை. பாரு இப்ப!"

துணியை விலக்கினான். கண்ணாடி மட்டும் இன்னும் மாட்டவில்லை.

நாலு மூலையில் நாலு பேர். அவரவர் தலை அவரவர் கழுத்தில். வெட்டின தடம் தெரியவில்லை. கவரில் இருந்த துண்டுகளை வைத்து இடைவெளி எல்லாம் அடைத்திருந்தான். சூரியகாந்தியை நிமிர்த்தி ஓரத்தில் வைத்திருந்தான்.

ஒரு மூலையைக் காட்டிக் கேட்டேன்:

"இது யார்ரா?"

சிப்பி மேல் நிற்கிற பெண் அரக்குக் கலர் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். நிஜப் பட்டு. நிஜ ஜரிகை. அம்மன் படத்துக்குத் துணி ஒட்டுவார்களே, அதே மாதிரி கொசுவம் வைத்து ஒட்டியிருந்தான்.

"பின்ன? துணியில்லாம நின்னுக்கினு இருக்குது சார் அது! நேத்து வெள்ளிக்கெழமை. பொம்பளைங்க வர்ற கடை. எப்பிடி வெளிய வெக்கிறது?"

"நடுவுல?"

"நடுவுல காலியா இருந்திச்சு. ஒரு புள்ளையார் வெச்சிட்டேன். நல்ல காரியமா போறீங்க, நல்லதுதானே!"

பிள்ளையார் நடுவில் உட்கார்ந்து நாலு வெள்ளைக்காரர்களுக்கும் ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து செவிலிமேட்டில் இருந்து ஒரு விவசாயி, தன் முருகனை வாங்கிப்போக வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் படத்தைக் கும்பிட்டார்.

"நாலு பேரும் எந்தக் கோயில்பா?"

"வெளியூரு" என்றான் வரதன்.

"பால் அபிஷேகம் பண்ணுது பாரு ஒரு பொண்ணு. நல்ல பக்தி." காதுக்கட்டு ஆளைக் கிட்டே போய்ப் பார்த்தார். "இவுருக்கு இன்னா, பல்லு வலியா?"

நான் கத்தினேன். முதலில் என்ன கத்தினேன் என்று எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள்.

"கிழியல! நானாத்தான் வெட்டினேன்! நானாத்தான் மாத்தி ஒட்டினேன்!"

வரதன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"எதுக்கு சார்?"

"கலை!"

"இல்ல சார், யாருக்காவது வேண்டுதலா?"

"மறுபடியும் மாத்து! இப்பவே மாத்து!"

"சரி, கோவப்படாத. மாத்தலாம். மைதாப் பசைதான், நனைச்சா வந்துடும். யாருக்கு யாரு தலை? சொல்லு."

விரலை நீட்டினேன். யார் பக்கம் நீட்டுவது?

மறந்துவிட்டது!

ரெண்டு மாசம் தினமும் பார்த்த படம். பார்த்துப் பார்த்தே மறந்துவிட்டது. பால்காரப் பெண்ணுக்குக் காதுக்கட்டா? காதுக்கட்டுக்குக் கைகட்டினவளா? வீட்டில் ஒரு குறிப்பும் இல்லை. எழுதி வைக்கிறவன் கலைஞன் இல்லை என்று அந்த நாளில் எனக்கு ஒரு கொள்கை.

"பால் ஊத்தறவளுக்கு..." என்றேன். நிறுத்தினேன்.

"நீங்கதானே ஒட்டினீங்க?" என்றார் செவிலிமேட்டுக்காரர்.

"ஆமா."

"அப்புறம் தெரியலன்றீங்க?"

முருகனை வாங்கியாகிவிட்டது. மனுஷர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மணி ஆறேகால்.

கடைக்குப் பின்னாலேயே வரதன் வீடு. திரையை விலக்கிக்கொண்டு அவன் சம்சாரம் வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே புருஷனைத்தான் முதலில் பிடித்தாள்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லயா? கிழிஞ்சது இல்லய்யா, வேணும்னே பண்ணி வெச்சிருக்குதுன்னு? 'வாத்தியார் போயி இப்பிடிப் பண்ணுவாரா'ன்ன. இப்ப பாத்தியா, பண்ணியிருக்காரு!"

எனக்கு அது பாராட்டா திட்டா தெரியவில்லை.

"ஏம்மா, நீ பாத்தியா படத்த?"

"வியாழக்கெழம பாத்தேன் சார். வயிறு வலிக்கச் சிரிச்சேன். சோறு தீஞ்சி போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படம் மனித குலத்தின் தனிமையைப் பற்றியது. அப்படித்தான் கண்காட்சிக்கான மனுவில் எழுதியிருந்தேன்.

"சிரிக்கிற படம் இல்லம்மா அது."

"அப்பிடியா?" என்றாள். மறுபடியும் சிரித்தாள். அப்புறம் விரலை நீட்டிக் கடகடவென்று சொன்னாள்.

"சிப்பி மேல நிக்கிற பொண்ணுக்குக் காது கட்டின ஆளு தலை. அந்த ஆளு கோட்டுக்கு மேல சிப்பிப் பொண்ணு தலை, வாயில பைப்பு. பால் ஊத்தற பொண்ணுக்குக் கை கட்டின அம்மா தலை. அந்தம்மாவுக்குப் பால்காரப் பொண்ணு தலை. பூவு கீழ, தலைகீழா."

"இல்ல, பால் ஊத்தறவளுக்குத்தான் காதுக்கட்டு" என்றேன். சும்மா இருக்க முடியாதே!

"இல்ல சார்."

"ஆமாம்மா. நான் ஒட்டினவன்."

அவள் ஈரத் துணியை வைத்து எடுத்து, காதுக்கட்டுத் தலையை நகத்தால் கிளப்பினாள். பால்காரப் பெண் கழுத்தில் வைத்தாள். ரெண்டு விரல்கடை இடைவெளி. சிப்பிப் பெண் கழுத்தில் வைத்தாள். நான் வெட்டின வளைவில் அப்படியே போய் உட்கார்ந்தது.

"வாத்தியாரு தப்பு" என்றார் ஸ்டூலில் இருந்தவர்.

பிறகுதான் வரதன் சொன்னான். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா வீட்டில் அவளுக்குப் பாவு புணைக்கிற வேலை. தறியில் பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழசின் இழையோடு முறுக்கிச் சேர்ப்பது. ஆயிரக்கணக்கில் இழை. ஒன்று மாறினால் சேலை போச்சு. அவளுக்கு நாலு தலை ஒரு கணக்கா?

ஏழு மணிக்கு நாலு தலையும் இடம் மாறிவிட்டது. நான் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் படத்தில் எனக்குக் கிடைத்த வேலை அதுதான்.

புடவையை உரிக்கப் போனேன்.

"தொடாதீங்க! துணி பசையைக் குடிச்சிருக்குது. இழுத்தா சிப்பியும் சேந்து வரும்" என்றாள்.

விட்டுவிட்டேன். காதுக்கட்டும் ரோமத் தொப்பியுமாக ஒரு ஆள், அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு சிப்பி மேல் நின்றான்.

மிச்சம் பிள்ளையார்.

"எடு அவரை" என்றேன்.

"நான் மாட்டேன்பா" என்றான் வரதன்.

"நீதானே ஒட்டின?"

"ஒட்டலாம் சார். உரிக்கக் கூடாது. நீங்க உரிங்க."

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஊர் முழுக்கத் தெரியும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசி ஹெட்மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஈரத் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். பிள்ளையார் பார்த்தார். செவிலிமேட்டுக்காரர் பார்த்தார். ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கை போகவில்லை.

"சம்பூர்ணம்! நீயாவது செய்யி!" என்று சம்சாரத்திடம் கெஞ்சினான் வரதன்.

"எனக்கு வேற வேலயில்ல? ரெண்டு புள்ள பெத்தவ நான்."

மணி ஏழு அடித்துப் பத்து நிமிஷம். பிள்ளையாரோடு போனால் சாமி படம் என்று திருப்பிவிடுவார்கள். போகாமல் இருந்தால் பீரோவில் புட்பால். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சம்பூர்ணம் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். கீழே தலைகீழாக ஒட்டக் காத்திருந்த சூரியகாந்தி ஜாடியை எடுத்தாள். பின்பக்கம் பசை தடவினாள். நேராக நிமிர்த்தி, பிள்ளையார் மேல் வைத்து அழுத்தினாள்.

"என்னம்மா பண்ற!"

"சாமியக் கிழிச்சாத்தான் தப்பு சார். பூ வெச்சா யாரு கேப்பாங்க?"

பிள்ளையார் முழுசாக மறைந்துவிட்டார். துதிக்கை நுனி மட்டும் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தது. பூத்தண்டு மாதிரியே இருந்தது.

செவிலிமேட்டுக்காரர் எழுந்து நின்று இன்னொரு தடவை கும்பிட்டார்.

வரதன் கண்ணாடியை மாட்டினான், ஆணி அடித்தான். நான் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கண்டக்டர் படத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஜவுளிக்கடை விளம்பரமா?"

"ஆமா" என்றேன்.

பன்னிரண்டுக்குக் கால்மணி இருக்கும்போது மெட்ராஸில் மேஜை மேல் வைத்தேன். அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் வெகு நேரம் பார்த்தார்.

"பட்டுப்புடவை கட்டியிருக்காரே."

"ஆமா."

"துணிச்சல்தான்." விரலால் நடுவைக் காட்டினார். "இந்த இடம் ரொம்ப பலமா இருக்கு. எல்லாத்தையும் பிடிச்சு நிறுத்துது. மையம்னா இப்படி இருக்கணும்."

உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை.

படம் மாட்டப்பட்டது. பீரோ தப்பித்தது. புட்பாலை ஹெட்மாஸ்டர் தன் ரூமிலேயே வைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து வரதனையும் அவன் சம்சாரத்தையும் கண்காட்சிக்குக் கூட்டிப் போனேன். ஜனங்கள் படத்தின் முன்னால் நின்று, தாடையைத் தடவிக்கொண்டு, மனித குலத்தின் தனிமையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அவளைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது, அது சிரிக்கிற படம்தான்.

கீழே சீட்டில் அச்சடித்திருந்தது என் பேர். படத்தைச் சரி பண்ணினது சம்பூர்ணம்.