கேதீஸுக்கு நேரே ஒரு வெறும் கட்டம்

நாம் சொன்னது பிழையாகிப்போனால் நண்பர்கள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். அப்படியே பலித்துவிட்டால்தான் ஆபத்து. பிறகு நம்மோடு தனியாக லிஃப்டில் ஏறவும் யோசிப்பார்கள்.

பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் எனக்குப் புள்ளிவிவர வேலை. யார் எந்த வயதில் நோயில் விழுவார் என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குபவன். (ஹொக்கி ஸ்டிக்கை அதுவரை தொட்டதில்லை. அது ஒரு குறையாகத் தோன்றவுமில்லை.) எங்கள் ஒஃபிஸ் அணி தோற்றுக்கொண்டே இருந்ததால், கப்டன் ரியாஸிடம் நானாகப் போனேன். "பழைய வீடியோவெல்லாம் தா மச்சான். ஆரை எங்க விடவேணும் எண்டு நம்பர் சொல்லும்."

ஒவ்வொருவரின் ஓட்டம், பாஸ், களைப்பு எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஏற்றினேன். புதிய தொடரின் முதல் போட்டிக்கு முன் ரியாஸிடம், "கடைசி நேரத்தில களைச்சுப்போய், பந்தை வலப்பக்கம் பிழையா அடிப்பாய்" என்றேன். அடித்தான். வலப்பக்கம்தான். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள்.

அடுத்த போட்டிக்கு முன், பின்வரிசையில் ஆடும் நிமலனிடம் இடது கணுக்காலைக் கவனிக்கச் சொன்னேன். இடைவேளைக்குப் பிறகு, கிட்ட ஒருவருமே இல்லாத இடத்தில், அவன் இடது காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இம்முறை யாரும் என்னைத் தொடவில்லை. விழுந்தவனை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். கடற்காற்றுகூட நின்றுவிட்டது போலிருந்தது. (எனக்கும் பயம்தான். முகத்தை மட்டும் விஞ்ஞானி மாதிரி வைத்துக்கொண்டேன்.)

அதன்பின் நான் மைதானத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். நான் பார்த்த காலை அவனவன் மற்றக் காலுக்குப் பின்னால் ஒளிப்பான்.

ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த தொடரின் கடைசிப் போட்டிக்கு அணியை அறிவிக்கும் பின்னேரம், மழை இருட்டு. நான் விலக்கியவர்கள் உயிர் தப்பியவர்களைப் போல மூச்சுவிட்டார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் கோல்கீப்பர் கேதீஸ் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணை, எனக்கு என்ன காட்டுது?"

எல்லோருக்கும் எண் இருந்தது. அவன் பெயருக்கு நேரே மட்டும் வெறும் கட்டம்.

"உனக்கு ஒண்டும் காட்டேல்லையடா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஞாயிற்றுக்கிழமை நீயே இல்லாத மாதிரித்தான் கிடக்கு."

ரியாஸ் என் லப்டொப்பை மூடினான். "போதும் மச்சான். இனி ஒண்டும் செல்லாத."

மறுநாள் கேதீஸின் அம்மா மைதானத்துக்கே வந்துவிட்டார். கையில் திருஷ்டி கழிக்க ஒரு தேசிக்காய். மகனுக்குச் சுற்றுவார் என்று பார்த்தால், என்னைச் சுற்றி வந்து அதை என் காலடியில் வைத்தார்.

"தம்பி, என்ர பிள்ளையை விட்டிடுங்கோ."

"அம்மா, அது வெறும் கணக்கு..."

"ஓம் தம்பி. யமனும் கணக்குப் பாத்துத்தானே கொண்டுபோறவர்."

வீட்டுக்கு ஓடி எக்செல் கணக்கைத் திறந்தேன். சூத்திரத்தைக் கீழே இழுத்துக்கொண்டு வந்தவன், கடைசியில் இருந்த கேதீஸின் பெயருக்கு ஒரு வரி மேலேயே கையை எடுத்திருந்தேன். அவ்வளவுதான்! உடனே அவனுக்கு அழைத்தேன். என் பெயரைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. ரியாஸ் கோல்கீப்பரின் தலைக்கவசத்தை என் தலையில் மாட்டினான். "ஒன்ட பேர் மட்டும்தான் அந்த மெஷின்ல இல்ல. நீ நில்லு."

கம்பிகளுக்குள்ளால் உலகம் மங்கலாகத் தெரிந்தது. நான் கண்ணைத் திறந்த நேரமெல்லாம் பந்து எனக்குப் பின்னால் கிடந்தது. கடைசியில் எதிரணிக்காரரே வந்து, "உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்தார்கள்.

திரும்பி வரும்போது ரியாஸ் என் காதருகே சொன்னான்: "பாத்தியா? இண்டைக்கு கேதீஸ் இல்லத்தானே. அதையும் சரியாச் செல்லிட்ட."

பிழை எங்கே என்று தெரிந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் கேதீஸின் கலியாணம் நடந்தது. வாழ்த்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் அம்மா பாய்ந்து வந்து என் வாய்க்குள் ஒரு லட்டைத் திணித்தார். "தாலி ஏறும்வரைக்கும் இவருக்குப் பலகாரம் குடுத்துக்கொண்டே இருங்கோ. வாய் சும்மா இருக்கக்கூடாது!"

மண்டபமே சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை, அந்த வித்தையைப் பழகிக்கொண்டாள். இப்போதும் வீட்டில் நான் "நாளைக்கு..." என்று தொடங்கினால், பேசாமல் ஒரு வடையை நீட்டுகிறாள்.