ஆறிப்போன டீயின் உட்பொருள்

வெள்ளிக்கிழமைக்குள் அம்மாவை அழவைத்தே தீருவது என்று அப்பா முடிவெடுத்தார். அதற்குக் காரணம் என் வீட்டுப்பாடம்.

அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். "கையை நீட்டுங்க, விரலை மடக்குங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்கிறவள். எட்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்கே அவளைத் தலைமையாகக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு. வெள்ளிக்கிழமைக்குள் சரியா, இல்லையா என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

அப்பாவிடம் கேட்டாள். அவர் கடையில் வாஷிங் மெஷின் விற்கிறவர். போகாதே என்றால் பெயர் கெடும். போ என்றால் சாப்பாடு கெடும். அதனால், "உன் விருப்பம்மா" என்றார். விலை கட்டாது என்று கிளம்பும் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரல்.

அந்த வாரம்தான் எங்கள் மொழிப்பாட டீச்சர், "ஒரு பாப் பாட்டு வீடியோ எடுத்துக்கங்க பிள்ளைங்களா. அதுல என்ன உருவகம் இருக்கு, அது நம்ம உணர்ச்சியை எப்படித் தொடுதுன்னு எழுதுங்க. காப்பியடிச்சா எனக்கு வாசனையே வந்துரும்" என்று மூக்காலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

செவ்வாய் மாலை, பள்ளிக்கூடமே பார்த்து அழுத ஒரு வீடியோவைக் கூடத்தில் ஓடவிட்டேன். காதலி பெட்டியோடு போய்விடுகிறாள். பாடகன் இரண்டு கோப்பையில் டீ ஊற்றுகிறான். எதிர் நாற்காலி காலி. அவள் டீ ஆறுகிறது. ஆறும்வரை கேமராவும் பொறுமையாகக் காத்திருக்கிறது. பிறகு அவள் விட்டுப்போன சட்டைக்கு இஸ்திரி போடுகிறான், சட்டைக்கு வலித்துவிடுமோ என்பதுபோல.

"இவனுக்கு வேலைவெட்டி இல்லையா?" என்றார் அப்பா.

"அது உருவகம்ப்பா."

"டீ ஆறிப்போறதா? எங்க கடையில தினம் நாலு வாட்டி ஆறுது."

"ஆறின டீ, ஆறாத மனசு. காலி நாற்காலின்னா காலியான வாழ்க்கை. பார்க்கறவங்களுக்கு ஐயோ பாவம்னு இருக்கும். விட்டுட்டுப் போனவளுக்கே திரும்பி வந்துடலாம்னு தோணும்."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, இஸ்திரிக் காட்சியில் கையிலிருந்த துண்டால் கண்ணைத் துடைத்தாள். நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்துத் தொலைத்தார்.

என் தாளில் மூன்று கட்டம் போட்டிருந்தேன்: பார்ப்பது, குறிப்பது, உணரவைப்பது. அதை அப்பா விலைப்பட்டியல் மாதிரி கையில் எடுத்துக்கொண்டார்.

"வாலு, இதுல எது நல்லா ஓடும்?"

"டீக்கு கேரண்டி. இஸ்திரிக்கு எக்ஸ்ட்ரா கேரண்டி."

"சொதப்பினா?"

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது."

தடுத்திருக்கலாம். ஆனால் இப்படி ஒரு காட்சி இலவசமாகக் கிடைக்கும்போது யார் தடுப்பார்கள்?

புதன்கிழமை அப்பா சமையலறைக்குள் நுழைந்தார். டீத்தூள் எந்த டப்பாவில் என்று கேட்டார். தண்ணீர் கொதிக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். கொதித்தது. அம்மா வரும்போது மேஜையில் இரண்டு கோப்பை. அப்பா தாடையில் கை வைத்துக் காலி நாற்காலியை வெறித்துக்கொண்டிருந்தார். அம்மா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். டீயை ஒரே மூச்சில் குடித்தாள். "சர்க்கரை கம்மி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

"உட்கார்ந்துட்டாளேடி. உருவகம் போயிடுச்சா?"

"உட்கார்ந்ததோட விட்டாலும் பரவாயில்லை. குடிச்சிட்டாங்களே."

வியாழக்கிழமை அம்மாவின் வெள்ளைக் கோட்டைத் துவைக்கக் கிளம்பினார். கடையில் "ஒரே பட்டன்தான் மேடம், குழந்தைகூடப் போட்டுரும்" என்று அளக்கிறவருக்கு வீட்டு மெஷினில் எது அந்த பட்டன் என்று தெரியவில்லை. குரலைக் கிழவர் மாதிரி மாற்றிக்கொண்டு தன் கடைக்கே போன் போட்டுக் கேட்டார். "ஏன் சார், இன்னைக்கு லீவு போட்டீங்களே, தொண்டை சரியில்லையா?" என்றார்கள் அந்தப் பக்கம்.

அம்மா வாசலில் செருப்பைக் கழற்றியதும் இஸ்திரியை ஆரம்பித்தார். கோட்டின் கைப்பக்கத்திலிருந்து, மெதுவாக, ஒரு பெருமூச்சோடு. அம்மா நின்று பார்த்தாள். "காலருக்குப் பின்பக்கமும் தேய்ங்க" என்றாள். தேய்த்தார். உள்ளே போய் இன்னும் இரண்டு கோட்டு கொண்டுவந்து போட்டாள்.

வெள்ளிக்கிழமை கடைசிக் காட்சி. டீ இப்போது உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. நாற்காலி முதுகில் கோட்டு. கதவுக்குப் பின்னால் பாட்டுப் போட நான். அம்மா உள்ளே வந்தாள். அப்பா கஷ்டப்பட்டு ஒரு சொட்டுக் கண்ணீரை இமைவரை கொண்டுவந்து எனக்கு ஜாடை காட்டினார். அமுக்கினேன். முதலில் விளம்பரம் வந்தது. "உங்கள் வீட்டில் கரப்பான் பூச்சித் தொல்லையா?" வந்த கண்ணீர் வந்த வழியே போய்விட்டது.

அம்மா சிரிக்கவில்லை. பையை வைத்துவிட்டு என் தாளை எடுத்துப் படித்தாள்.

"ஒண்ணு விட்டுட்டியே. அந்தப் பையன் எப்போ டீ போடறான்?"

"அவ போனப்புறம்."

"இஸ்திரி?"

"அவ போனப்புறம்தான்."

"அவ வீட்டுல இருந்தப்ப?"

யோசித்தேன். நாற்பது தடவை பார்த்த வீடியோ. "சோபாவுல கிட்டார் வாசிச்சிட்டிருப்பான்."

"அவ?"

"பின்னாடி... மங்கலாத் தெரிவா. பாத்திரம் கழுவிட்டிருப்பா."

"அதுக்குத்தான் அன்னைக்கு அழுதேன்."

அப்பா அவசரமாகக் குறுக்கே வந்தார். "நான் அவன் மாதிரி இல்லையே. நீ இருக்கறப்பவே போட்டேனே."

"ஆமா. திங்கக்கிழமையே 'வரலை'ன்னு எழுதிப் பையில வெச்சிருந்தேன். வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷன் பொண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவார்னு. ரெண்டு நாள்ல டீ வந்துருச்சு, துவைக்க வந்துருச்சு, காலர்ல ஒரு சுருக்கம் இல்லை. மத்தியானம் அதைக் கிழிச்சுட்டு, வர்றேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"அதெல்லாம் உன்னை நிறுத்தப் பண்ணினதும்மா."

"தெரியும். பதினேழு வருஷம் கேட்டு வராத டீ, நான் போயிடுவேன்னதும் ரெண்டே நாள்ல வந்துது. அதை நினைச்சேன். உடனே கையெழுத்துப் போட்டுட்டேன்."

அப்பா வாயைத் திறந்தார். "போகாதே" என்றார். மிமிக்ரியில் எல்லார் குரலும் எனக்கு வரும்; அந்தக் குரல் மட்டும் இன்னும் வரவில்லை.

அம்மா டீயைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவாமல் மேஜையிலேயே வைத்துவிட்டுப் பெட்டி எடுக்க உள்ளே போனாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "வாலு, இப்ப என்ன பண்றது?"

பள்ளிச் சீருடையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

"திங்கக்கிழமைக்கு வேணும்ப்பா."